கடல் கடந்த வைத்தியமும் காரோட்டு வீட்டுக் கணக்கும்

கழக்கூட்டத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலைப் புறவழி, கேரள எல்லைக்குள் வந்து முடிகிற இடம் காரோடு. அதற்கு அப்பால் தமிழ்நாடு. பாறசாலை, இஞ்சிவிளை, உச்சக்கடை, களியக்காவிளை என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் இந்தப் பகுதியில், பல குடும்பங்களில் ஒருவராவது பாரசீக வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார். ஊரில் தகப்பனாருக்கோ தாயாருக்கோ பெரிய நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அன்று இரவே அங்கிருந்து தொலைபேசி வரும். "அப்பாவை இங்கே கொண்டுவந்து காட்டலாமா? சிங்கப்பூருக்குக் கொண்டு போகலாமா? அமெரிக்காவில் இதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறதாமே!"

பிள்ளையின் பாசத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடும்போதுதான் உண்மை நிலை தெரிகிறது. நோயாளிக்கு இன்ஷூரன்ஸ் எதுவும் இல்லை. கையில் இருப்பது புரையிடத்தின் ஆதாரம், கொஞ்சம் நகை, சிட்டியில் போட்டு வைத்த பணம், மகன் அனுப்பிச் சேர்ந்த தொகை. இவற்றையெல்லாம் திரட்டினாலும் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் முன்பணத்துக்குப் போதுமா என்பது சந்தேகம். அப்படியே போதுமானதாக இருந்தாலும், போய்த்தான் ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு விடை சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.

இந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றித்தான் நாம் இங்கு ஆராய விரும்புகிறோம். வெளிநாட்டுச் சிகிச்சை என்றாலே பணப் பிரச்னை என்று எண்ணுகிறோம். பணத்துக்கு முன்பாக வருகிற பிரச்னை, நம்பத்தக்க ஆலோசனை கிடைக்காததுதான்.

பெரியவர்கள் போன பாதை

"முடியாத நோய்க்கு அமெரிக்கா" என்ற எண்ணம் தமிழர் மனத்தில் ஊன்றியதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் முக்கியக் காரணம். 1968-ம் ஆண்டு செப்டம்பரில், அன்றைய முதலமைச்சர் அண்ணாதுரை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக நியூயார்க் சென்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். நவம்பரில் ஊர் திரும்பினார். ஆனால் நோய் மீண்டும் தலைகாட்டியது. 1969 பிப்ரவரி 3-ம் தேதி அவர் காலமானது சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் உருவான அதே மருத்துவமனைதான் அது.

இரண்டாவது நிகழ்ச்சி 1984-ல் நடந்தது. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அக்டோபர் 5-ம் தேதி சென்னை அப்போலோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். ஒரு மாதம் கழித்து, நவம்பர் 5-ம் தேதி, மருத்துவ வசதிகள் பொருத்தப்பட்ட விமானத்தில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டு செல்லப்பட்டார். டிசம்பரில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. சிறுநீரகம் கொடுத்தவர் அவருடைய அண்ணன் மகள். 1985 பிப்ரவரி 4-ம் தேதி அவர் சென்னை திரும்பியபோது கூடிய கூட்டத்தை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் பிறகும் தொடர் சிகிச்சைக்காக அவர் அமெரிக்கா சென்று வர வேண்டியிருந்தது. 1987 டிசம்பர் 24-ம் தேதி காலமானார்.

இந்த இரண்டு பயணங்களையும் குறை கூறுவது நம் நோக்கமல்ல. இருவரும் பொறுப்பான பதவியில் இருந்தவர்கள். அவர்களுக்காக ஏற்பாடுகளைச் செய்ய ஓர் அரசாங்கமே இருந்தது. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எப்போது கொண்டு போவது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் நிபுணர்கள் கூடி முடிவு செய்தார்கள். பொதுமக்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் "அமெரிக்கா போனால் பிழைக்கலாம்" என்பது. பின்னால் இருந்த ஏற்பாடு அவர்கள் கண்ணில் படவில்லை.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். சிறுநீரக மாற்று அறுவை 1984-ல் இந்தியாவுக்குப் புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-லேயே அது வெற்றிகரமாகச் செய்யப்பட்டிருந்தது. எம்.ஜி.ஆரின் உடல்நிலையில் பல சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்ததால் அவர் விஷயம் தனி. ஆனால் சாதாரண நோயாளிகளில் எத்தனையோ பேர், வேலூரில் கிடைப்பதை வெளிநாட்டில்தான் கிடைக்கும் என்று நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள்.

போக முடியாதவர்

அதே காலத்தைச் சேர்ந்த மற்றொரு நோயாளியின் கதை அதிகம் பேசப்படுவதில்லை. 1979-ல் சென்னையில் டாக்டர் பிரதாப் ரெட்டியிடம் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக்குப் போகும்படி அவருக்கு ஆலோசனை கூறப்பட்டது. அதற்கு வேண்டிய பணத்தை அவரால் திரட்ட முடியவில்லை, இறந்து போனார். இந்தச் சம்பவமே தம்மைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றைத் தொடங்கத் தூண்டியதாக டாக்டர் ரெட்டி பலமுறை கூறியிருக்கிறார். 1983-ல் சென்னையில் அப்போலோ ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

அந்த நோயாளியின் நிலைதான் காரோட்டுக் குடும்பத்தின் நிலை. அவர் போக முடியாமல் இறந்தார். இன்று பலர் கடன் வாங்கிப் போய்விடுகிறார்கள். ஆனால் பாதிச் சிகிச்சையில் பணம் தீர்ந்து திரும்புகிறார்கள். இரண்டில் எது பெரிய துன்பம் என்று சொல்வது கடினம்.

கடல் கடந்தது கரைக்கு வந்தது

காரோட்டிலிருந்து 30, 35 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1951-ல் தொடங்கப்பட்டது. அதே வளாகத்தை ஒட்டி ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் இருக்கிறது. திருவிதாங்கூர் அரச குடும்பம் அளித்த கட்டிடத்தில் உருவாகி, 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. 1981-ல் மண்டலப் புற்றுநோய் மையம் ஏற்பட்டது.

சித்திரைத் திருநாள் நிலையத்தின் வரலாறு நம் விஷயத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. இருதய வால்வு பழுதடைந்தவர்களுக்குப் பொருத்தும் செயற்கை வால்வு ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். விலை ஏழை நோயாளிக்கு எட்டாது. டாக்டர் வலியத்தான் தலைமையில் இங்கேயே வால்வு செய்யும் முயற்சி தொடங்கியது. முதல் மூன்று மாதிரிகள் தோல்வியடைந்தன. நான்காவது மாதிரி தேறி, 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்குப் பிறகு நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் அந்த வால்வோடு உயிர் வாழ்கிறார்கள். ரத்தம் சேமிக்கும் பிளாஸ்டிக் பைகளைச் செய்யும் முறையையும் இதே நிலையம் உருவாக்கித் தொழிற்சாலைக்குக் கொடுத்தது.

இது ஓர் உதாரணம் மட்டுமே. கட்டிகளை மிக நுட்பமாகக் குறிவைக்கும் புரோட்டான் கதிர்ச் சிகிச்சைக்கு முன்பு வெளிநாடு போக வேண்டியிருந்தது. 2019 முதல் சென்னையிலேயே கிடைக்கிறது. நோயாளியின் சொந்த ரத்த அணுக்களையே மாற்றியமைத்து ரத்தப் புற்றுநோயை எதிர்க்கச் செய்யும் "கார்-டி" சிகிச்சை 2017-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒருவருக்கு 4,75,000 டாலர் விலை வைக்கப்பட்டது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இந்திய முறைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அதன் விலை ஏறக்குறைய அரைக் கோடி ரூபாய்க்குள் அடங்குகிறது. அதுவும் காரோட்டுக் குடும்பத்துக்கு எட்டாத தொகைதான். ஆனால் அமெரிக்க விலையோடு ஒப்பிட்டால் எத்தனை இறக்கம் என்பது தெரியும்.

எல்லாவற்றையும்விடப் புதிய செய்தி 2025-ல் வந்தது. தண்டுவடத் தசைநார் நலிவு நோய்க்குத் தரப்படும் ரிஸ்டிப்லாம் என்ற மருந்து, ஒரு புட்டி ஏறக்குறைய 6 லட்சம் ரூபாய்க்கு விற்று வந்தது. காப்புரிமை வழக்கில் நீதிமன்றங்கள் தடை விதிக்க மறுத்ததைத் தொடர்ந்து, 2025 அக்டோபரில் இந்தியக் கம்பெனி ஒன்று அதே மருந்தை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது.

ஆகவே, ஐந்து ஆண்டுகளுக்கு முன் "வெளிநாட்டில்தான்" என்று சொல்லப்பட்ட சிகிச்சை, இன்று பம்பாயிலோ சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கலாம். இதைக் குடும்பத்தார் அறிந்துகொள்ள என்ன வழி என்பதே கேள்வி.

இன்ஷூரன்ஸ் இல்லாதவருக்கு அங்கே என்ன கிடைக்கும்?

வெளிநாடுகளில் மனிதாபிமானம் உண்டு, ஆபத்து என்றால் கைவிட மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் எதுவரை என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் 1986-ல் இயற்றப்பட்ட சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வருகிறவரைப் பணம் இல்லை என்பதற்காக ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பக் கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து நீங்கும்வரை கவனிக்க வேண்டும். அதற்கு மேல் புற்றுநோய்ச் சிகிச்சை, மாற்று அறுவை போன்ற தொடர் வைத்தியத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. கவனித்ததற்கான பில்லும் பின்னால் வரும். சிகிச்சைக்காகவே அமெரிக்கா போகிறவர் விசா கேட்கும்போது, உள்ளூர் டாக்டரின் நோய்க் குறிப்பு, அங்கே சிகிச்சை தர ஒப்புக்கொண்ட டாக்டர் அல்லது ஆஸ்பத்திரியின் கடிதம், மொத்தச் செலவின் மதிப்பீடு, அந்தச் செலவைத் தாங்கும் பணம் உண்டு என்பதற்கு அத்தாட்சி இவையெல்லாம் கேட்கப்படும்.

இங்கிலாந்தில் வைத்தியம் இலவசம் என்பது 1948 முதல் நம் நாட்டில் நிலவும் நம்பிக்கை. இலவசம் அங்கே குடியிருப்பவர்களுக்கு. மகனைப் பார்க்கப் போன தாயார் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டால், வழக்கமான கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு கேட்கப்படலாம். அவசரப் பிரிவில் முதலில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. உள்நோயாளியாகச் சேர்ந்தவுடன் கணக்குத் தொடங்கிவிடும். 500 பவுனும் அதற்கு மேலும் பாக்கி வைத்துவிட்டு வந்தால் மறுபடியும் விசா கிடைப்பதில் சிக்கல் ஏற்படும்.

வளைகுடாவில் நிலைமை வேறு. ஐக்கிய அரபு நாடுகளில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் துறைத் தொழிலாளர்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் எல்லா எமிரேட்டுகளிலும் கட்டாயமாகிவிட்டது. அது தொழிலாளிக்கு. ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்த அவருடைய தகப்பனாருக்கு அதில் இடமில்லை.

"டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொண்டு போய்விடலாமே" என்று சில ஏஜெண்டுகள் சொல்வதுண்டு. இது மிகவும் ஆபத்தான யோசனை. பயண இன்ஷூரன்ஸ் என்பது போன இடத்தில் எதிர்பாராமல் வருகிற விபத்துக்கும் நோய்க்கும் உரியது. புறப்படும் முன்பே இருந்த நோய்க்குப் பொதுவாக அது பணம் தருவதில்லை. சிகிச்சை பெறுவதற்காகவே செய்கிற பயணத்தை அந்தப் பத்திரமே விலக்கி வைத்திருக்கும். சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் பின்னால் வருந்துகிறார்கள்.

அந்நியச் செலாவணி அன்றும் இன்றும்

ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பெரிய தடையாக இருந்தது அந்நியச் செலாவணி. 1973-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், டாலர் வாங்குவதற்கே ரிசர்வ் வங்கியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். அந்தச் சட்டம் 2000-ம் ஆண்டில் மாறியது. இன்று ஒருவர் ஓர் நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி மூலமாகவே வெளிநாட்டுக்கு அனுப்பலாம். சிகிச்சைக்கு அதற்கு மேல் தேவைப்பட்டாலும், டாக்டர் அல்லது ஆஸ்பத்திரியின் மதிப்பீட்டைக் காட்டி அனுப்ப வழி உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல், ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி ஒரு பங்கை வரியாக முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்து கொள்ளலாம். ஆனால் பணம் புரட்ட அலையும் நேரத்தில் அந்தத் தொகையும் கையை விட்டுப் போயிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

சட்டம் தளர்ந்ததால் ஒரு நன்மையோடு ஒரு தீமையும் சேர்ந்தது. முன்பு அனுமதி கேட்கும்போதாவது "இது தேவையா?" என்று கேட்க ஓர் அதிகாரி இருந்தார். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பவர் யாருமில்லை. பணம் இருந்தால், அல்லது கடன் கிடைத்தால், போகலாம்.

மேலும், ஆஸ்பத்திரி தரும் மதிப்பீடு முழுச் செலவு ஆகாது. கூடப் போகிறவருடைய டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, வேலையை விட்டுவிட்டு வந்தவருக்குச் சம்பள நஷ்டம், எதிர்பாராத சிக்கல் ஏற்பட்டுக் கூடுதல் நாட்கள் தங்க நேர்ந்தால் அதற்கான செலவு, ஊர் திரும்பிய பிறகு வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டிய மருந்து, மறுபரிசோதனைக்குத் திரும்பப் போவது என்று எத்தனையோ இருக்கின்றன. முதலமைச்சராக இருந்தவரே தொடர் சிகிச்சைக்கு மீண்டும் கடல் கடக்க வேண்டியிருந்தது என்பதை மேலே கண்டோம்.

தரகர்கள் விரித்த வலை

ஆலோசனை இல்லாத இடத்தில் தரகர் நுழைவார். 2024 மே மாதத்தில் நெடும்பாசேரி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்ட ஒருவர், சிறுநீரகம் விற்பதற்காக ஏழைகளை ஈரானுக்கு அழைத்துச் சென்றதாக வழக்குத் தொடரப்பட்டது. பின்னர் தேசியப் புலனாய்வு நிறுவனம் அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. கொடுப்பவரின் வறுமையும் வாங்குபவரின் அவசரமும் சேர்ந்து வளர்க்கும் வியாபாரம் இது. இந்தியாவில் 1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி உறுப்பை விலைக்கு வாங்குவதும் விற்பதும் குற்றம். "வெளிநாட்டில் சுலபமாக முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அந்தச் சுலபத்துக்கு என்ன விலை என்று கேட்க வேண்டும்.

எல்லைக் கோடும் சிகிச்சை அட்டையும்

இன்ஷூரன்ஸ் இல்லாதவர் என்று சொல்கிறோமே, அவர் யார்? அரசு ஊழியருக்கும் ஓய்வூதியம் பெறுபவருக்கும் கேரளத்தில் 2022 ஜூலை முதல் மெடிசெப் திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு 2019 ஏப்ரல் முதல் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. பட்டியலுக்கு வெளியே இருந்தாலும் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்கு, லாட்டரி வருமானத்திலிருந்து உருவான காருண்ய நல நிதி உண்டு. 2025 நவம்பர் முதல், வெளிநாட்டில் இருக்கும் கேரளத்தவருக்காக நோர்க்கா கேர் என்ற இன்ஷூரன்ஸ் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இவற்றில் எதிலும் சேராதவர் உண்டு. சொந்தமாகச் சிறு கடை வைத்திருப்பவர், ரப்பர் வெட்டும் சிறு தோட்டக்காரர், மகன் வெளிநாட்டில் இருப்பதால் "வசதியானவர்" என்று எழுதப்பட்டுவிட்ட முதியவர் ஆகியோரே இடையில் விழுந்து போகிறவர்கள்.

எல்லைக்கு அந்தப்புறம், தமிழ்நாட்டில், 2009-ல் தொடங்கிய மாநிலத் திட்டம் 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடக்கிறது. 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று போட்ட கோடு இன்று அண்ணனுக்கு ஒரு ரேஷன் கார்டும், களியக்காவிளையில் கட்டிக் கொடுத்த தங்கைக்கு வேறொரு ரேஷன் கார்டுமாக நிற்கிறது. நோய் வந்தால் இருவரும் போவது திருவனந்தபுரத்துக்குத்தான். யாருடைய அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பது அட்டையின் வகையையும், அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பொறுத்தது. 2018-ல் தொடங்கிய மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தில் மாநில எல்லை கடந்தும் சிகிச்சை பெற வகை உண்டு. சேரும் முன்பே 14555 என்ற எண்ணிலும், கேரளத்தில் 1056 என்ற எண்ணிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த இடத்தில் திருவனந்தபுரத்துத் தெருக்களில் தினமும் காணும் ஒரு காட்சியை நினைவூட்ட விரும்புகிறோம். மருத்துவக் கல்லூரிப் பகுதியில் மாலத்தீவிலிருந்து வந்த நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் தங்கியிருப்பார்கள். அவர்களுக்கு இந்தியா வெளிநாடு. தங்கள் நாட்டில் கிடைக்காத சிகிச்சை என்று அங்குள்ள டாக்டர் எழுதிக் கொடுத்தால், 2012-ல் தொடங்கிய ஆசந்தா என்ற அரசுத் திட்டம் இந்தியாவிலும் இலங்கையிலும் குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் செலவை ஏற்கிறது. அவர்கள் கடல் கடந்து வருகிறார்கள். ஆனால் கையில் ஒரு சீட்டோடு வருகிறார்கள். எங்கே போவது, எதற்காகப் போவது, யார் பணம் கொடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தச் சீட்டில் விடை இருக்கிறது. காரோட்டுக்காரரிடம் அந்தச் சீட்டு இல்லை.

உண்மையான விதிவிலக்கு

எல்லாச் சிகிச்சையும் இங்கேயே உண்டு என்று நாம் சொல்ல வரவில்லை. சில அபூர்வ நோய்களுக்கு மருந்து வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. 2021-ல் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு சிறு குழந்தைக்காக, 18 கோடி ரூபாய் விலையுள்ள ஒரே ஓர் ஊசி மருந்துக்கு மக்கள் பணம் திரட்டினார்கள். ஒரு வார காலத்திலேயே 46 கோடிக்கு மேல் குவிந்துவிட்டது. மலையாளியின் கருணைக்கு இது பெரிய சாட்சி. ஆனால் அதே நோயுள்ள வேறு குழந்தைகளுக்கு இப்படிப் பணம் குவிவதில்லை. செய்தி பரவிய குழந்தைக்கு மருந்தும், செய்தி பரவாத குழந்தைக்கு வெறும் கையும் என்றால், அது ஒரு ஏற்பாடு ஆகாது.

2021-ல் மத்திய அரசு அபூர்வ நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. 2022-ல் உதவித் தொகையின் வரம்பு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், சொந்த உபயோகத்துக்காகத் தருவிக்கும் இத்தகைய மருந்துகளுக்குச் சுங்க வரி நீக்கப்பட்டது. இந்தக் கொள்கையின் கீழ் நியமிக்கப்பட்ட சிறப்பு மையங்களில் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியும் ஒன்று. அபூர்வ நோயாளி அங்கே போய்ப் பதிவு செய்துகொண்டால், நிபுணர் குழு பார்த்து என்ன செய்யலாம் என்று சொல்லும். தொகை போதுமா என்பது வேறு விஷயம். கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதே பெரிய காரியம்.

தேவை ஒரு குழு

மத்திய அரசு ஊழியர்களின் மருத்துவ விதிகளைப் பார்த்தால் ஒரு சுவாரசியமான ஏற்பாடு தெரிகிறது. ஊழியரோ அவர் குடும்பத்தாரோ வெளிநாட்டுச் சிகிச்சை கேட்டால், நிபுணர்கள் அடங்கிய நிலைக்குழு ஒன்று ஆராயும். இந்தியாவில் அந்தச் சிகிச்சை கிடைக்குமா என்று பார்க்கும். கிடைக்காது என்று உறுதியானால்தான் அனுமதியும் பணமும் உண்டு. அரசாங்கம் தன் கஜானாவைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாடு இது. ஆனால் ஊழியருக்கும் அது நன்மையே செய்கிறது. வீணான பயணத்திலிருந்து அவரைத் தடுக்கிறது.

அரசாங்கக் கஜானாவுக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, காரோட்டு வீட்டின் இரும்புப் பெட்டிக்கு ஏன் இருக்கக் கூடாது? திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியிலும், ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியிலும், வாரத்தில் ஒரு நாள் இத்தகைய ஆலோசனைக் குழு கூடினால் போதும். பொது மருத்துவம், அறுவை, புற்றுநோய், இருதயம் ஆகிய துறைகளின் மூத்த டாக்டர்கள் இருந்தால் போதும். வெளிநாடு போக நினைக்கும் எந்தக் குடும்பமும், எந்த மாநிலத்து அட்டையாயினும், அட்டையே இல்லாவிட்டாலும், காகிதங்களோடு அங்கே போகலாம். குழு மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். இந்தச் சிகிச்சை இந்தியாவில் எங்கே கிடைக்கும்? உத்தேசச் செலவு என்ன, எந்தத் திட்டத்தில் உதவி உண்டு? இந்த நோயாளியின் நிலையில் வெளிநாட்டுப் பயணத்தால் பலன் உண்டா?

புதிய கட்டிடமோ புதிய இயந்திரமோ இதற்கு வேண்டியதில்லை. டாக்டர்கள் இருக்கிறார்கள், அறை இருக்கிறது. ஏற்கெனவே வேலைப் பளுவில் திணறும் டாக்டர்களுக்கு இது கூடுதல் சுமை என்று சொல்லப்படலாம், நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் வழி தெரியாமல் ஐந்து ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்து, கடைசியில் முற்றிய நோயோடு அதே மருத்துவக் கல்லூரிக்கே வந்து சேரும் நோயாளி தரும் சுமை இதைவிடப் பெரிது.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க முடியாது. இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. திசு பரிசோதனை முடிவு, ஸ்கேன் படங்கள், டிஸ்சார்ஜ் சீட்டு இவற்றையெல்லாம் தேதி வரிசையில் அடுக்கி வைக்க வேண்டும். முதல் டாக்டரோடு சம்பந்தமில்லாத இரண்டாவது நிபுணர் ஒருவரிடம், முடிந்தால் அரசு அல்லது அறக்கட்டளை ஆஸ்பத்திரியில், அபிப்பிராயம் கேட்க வேண்டும். "வெளிநாட்டில் நல்ல வைத்தியம் உண்டு" என்று யார் சொன்னாலும், அந்தச் சிகிச்சையின் பெயரை எழுதி வாங்க வேண்டும். பெயர் தெரிந்தால்தான் அது வேலூரில் உண்டா, திருவனந்தபுரத்தில் உண்டா என்று கேட்க முடியும். ஆதாரத்தை ஈடு வைப்பது இதற்கெல்லாம் பிறகு வர வேண்டிய காரியம்.

ஆரோக்கியமாக இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளம் வரும் முன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. 2024 ஏப்ரல் முதல், 65 வயதுக்கு மேற்பட்டவர்களையும் மருத்துவ இன்ஷூரன்ஸில் சேர்த்துக்கொள்ள வழி செய்யப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருக்க வேண்டிய காலமும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டுள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. வளைகுடாவிலிருந்து ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் வருகிற பிள்ளைகள் தாய் தகப்பனாருக்குத் துணியும் வாசனைத் திரவியமும் வாங்கி வருகிறார்கள். அவற்றோடு இந்தப் பத்திரம் ஒன்றையும் எழுதி வைத்துவிட்டுப் போனால், நள்ளிரவுத் தொலைபேசிக்கு அவசியம் குறையும்.

1979-ல் டெக்சஸ் போக முடியாமல் இறந்தவருக்கு இல்லாதது பணம் மட்டுமே. போக வேண்டிய இடம் எது என்று அவருக்குச் சொல்ல ஒரு டாக்டர் இருந்தார். இன்று காரோட்டுக் குடும்பத்துக்குப் பல இடங்களைக் காட்டப் பலர் இருக்கிறார்கள்; எது சரியான இடம் என்று பொறுப்போடு எழுதிக் கொடுக்க ஒருவரும் இல்லை. அந்தச் சீட்டைக் கொடுக்கும் பொறுப்பை இரண்டு மாநில அரசுகளும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.